தைராய்டு மாத்திரையோடு இரும்பு, கால்சியம் சேர்த்துப் போடலாமா?

காட்பாடி:
அம்மாவுக்கு 52 வயசு. தினமும் தைராய்டு மாத்திரை தைராக்சின் 75 மைக்ரோகிராம், ஆனாலும் டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ஏறுற ஹார்மோன்) 9.2, அதிகம். வைட்டமின் பி12 160, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பு) 11, ரெண்டும் குறைவு. காலையில் மாத்திரை போட்ட பத்தாவது நிமிஷம் கேழ்வரகு கூழ், கூடவே இரும்பும் கால்சியமும். டோஸ் போதலையா?

குடியாத்தம்:
டோஸைக் கூட்டுமுன் நேரத்தைச் சரிபண்ணுங்க. இரும்பும் கால்சியமும் குடலிலேயே தைராக்சினைப் பிடிச்சுக்கும், ரத்தத்துக்குப் போகவிடாது. கூழும் லேசுப்பட்டதில்லை, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எழுந்ததும் வெறும் தண்ணியில் தைராக்சின், ஒரு மணி நேரம் கழிச்சுக் கூழோ காபியோ. இரும்பு மதியம், கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. தைராக்சினுக்கும் இதுகளுக்கும் 4 மணி நேர இடைவெளி கட்டாயம். 6–8 வாரம் கழிச்சு மறுபடி டிஎஸ்ஹெச்.

ராணிப்பேட்டை:
மேலே சொன்னது சரி. ஆனா பி12 தனிக் கதை. டிபிஓ ஆன்டிபாடி (உடம்பே தன் தைராய்டுக்கு எதிரா உண்டாக்குறது) பார்த்தாச்சா? தைராய்டைத் தாக்குற அதே தன்னெதிர்ப்பு சிலருக்கு இரைப்பையையும் தாக்கும். அப்போ பி12 உறிஞ்சப்படாது, ஊசி தேவைப்படலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போட்டாலும் பி12 இறங்கும். ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்துடாதீங்க: ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு பாதிப்பு உள்ளுக்குள்ள தொடரும்.

ஆற்காடு:
முடி கொட்டுதுன்னு பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிட்டா ரத்தம் எடுக்க 2 நாள் முன்னாடியே நிறுத்தணும். இல்லைன்னா டிஎஸ்ஹெச் பொய்யாக் குறைஞ்சு காட்டும். வைட்டமின் டி குறைவா இருந்தா ஏத்துங்க, எலும்புக்கு நல்லது. அதுக்காகத் தைராக்சினை நிறுத்த முடியாது.