மகளை முதன்முறையாகப் பெண்கள் டாக்டரிடம் கூட்டிப்போன அனுபவம்

மகள் ஒன்பதாம் வகுப்பு. வயதுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பீரியட்ஸ் வந்தால் லேசில் நிற்காது. பள்ளிக்கூடப் பையில் நாப்கின் பாக்கெட்டை முழுசாக வைத்து அனுப்புவேன். "வயசுப் பிள்ளைக்கு அப்படித்தான், போகப்போகச் சரியாயிடும்" என்பார் என் மாமியார். ஆரம்ப வருஷங்களில் நாள் முன்னே பின்னே போவது சகஜம்தான். 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஆனால் ஏழு நாளைத் தாண்டியும் படுவது, மணிக்கொரு நாப்கின் நனைவது இதெல்லாம் தானாகச் சரியாகட்டும் என்று விடுகிற விஷயம் இல்லை.

டாக்டர் என்றதும் அவளுக்கு இரண்டு பயம். கர்ப்பிணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யூனிஃபார்ம் வேண்டாம், சனிக்கிழமை போவோம் என்றேன். நம் ஊர் வாய் அப்படி. இன்னொன்று, உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களாமே என்று வகுப்பில் யாரோ சொன்னது. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது, எதைத் தொட்டாலும் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் தொடணும், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு என்று முந்தின நாளே சொல்லிவைத்தேன். கடைசி மூன்று மாதத் தேதிகளையும் அவளே போனில் குறித்துக்கொண்டாள்.

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. "நீ சொல்லும்மா" என்று அவளிடமே கேட்டார். எடை, பிரஷர், கண் இமையை இழுத்து ஒரு பார்வை, துணிக்கு மேலேயே வயிற்றை அமுக்கிப் பார்த்தது, அவ்வளவுதான். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருமா, அடிக்கடி சில்லுமூக்கு உடையுமா என்று கேட்டபோது எனக்குப் புரியவில்லை. முதல் பீரியட்ஸிலிருந்தே அதிகமாகப் போனால் ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அதற்கும் தைராய்டுக்கும் டெஸ்ட் எழுதினார். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடக்கூடாது, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே என்பதையும் அவளிடம்தான் சொன்னார்.

*

இந்த அம்மா எழுதியதைப் படித்தேன். நான் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வயிற்றின் மேல் ஜெல் தடவித்தான் ஸ்கேன் எடுப்போம். ஜெல் சில்லென்று இருக்கும், வலிக்காது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கணும். வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, இங்கே வந்ததும் பாத்ரூம் போய்விட்டு வந்து நிற்பார்கள். மறுபடி முதலிலிருந்து காத்திருக்கணும். அப்புறம், ரிப்போர்ட்டில் சினைப்பையில் நிறைய நீர்க்கொப்புளம் என்று இருந்தால் அம்மாக்கள் அங்கேயே அழுகிறார்கள். இந்த வயதில் அது சாதாரணமாகவே அப்படித் தெரியும். வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறோடு வரும் சினைப்பைப் பிரச்சினை) என்று முடிவு செய்யக்கூடாது என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல்.

*

மகள் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். காலேஜ் முதல் வருஷம் படிக்கிறேன். எனக்குப் பார்த்த டாக்டர் ஐந்து நிமிஷம் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் வேண்டியிருந்தது. வெள்ளைப்படுதல் பற்றி அம்மா முன்னால் வாயே வராது. அதனால் அம்மாக்களே, டாக்டர் போகச் சொன்னால் கோபப்படாமல் எழுந்து போங்க. அவர் சொல்லாவிட்டாலும் ஒரு போன் பேசிட்டு வரேன்னு கிளம்பிடுங்க.