ஒளிக்கதிரால் மூட்டை எண்ணியதும் மாடு பிடித்ததும்: வன்னி அனுபவங்கள்

பரந்தன் வயர்மன்:
அரிசி ஆலை ஒன்றில் லொறிக்கு ஏறும் மூட்டைகளை எண்ண ஒரு கருவி கேட்டார்கள். காலபோக அறுவடை வந்துவிட்டால் ஏற்றுபவர்களின் கணக்கும் கொப்பிக் கணக்கும் ஒத்துப்போவதே இல்லையாம். தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் ஒளி உணரியின் விலையைச் சொன்னதும் முதலாளி பேச்சை மாற்றிவிட்டார். ஆகவே கழித்துப் போட்ட சாமான்களில் கைவைத்தேன்.

பழுதான டிவி ரிமோட்டில் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் வீசும் நல்ல பலமான எல்.ஈ.டி. கிடைக்கும். அந்தக் கதிரை வாங்கும் ஒளித்திரான்சிஸ்டர், உருண்டை வைத்த பழைய மவுஸுக்குள் இருக்கும். வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் எல்.டி.ஆர். மலிவுதான் என்றாலும் வெளிச்சம் போனபின் பழைய நிலைக்கு மெதுவாகவே திரும்பும். மூட்டைகளைக் கொண்டுபோகும் ஓடும் பட்டிக்கு அது சரிவராது.

பட்டியின் ஒரு பக்கம் எல்.ஈ.டி., எதிர்ப்பக்கம் வாங்கி, அதாவது அந்த ஒளித்திரான்சிஸ்டர். மூட்டை கதிரை வெட்டும்போது ஒன்று எண்ண வேண்டும். 5 வோல்ட்டில் 100 ஓம் தடையி போட்டால் எல்.ஈ.டி.யில் ஏறத்தாழ 38 மில்லிஅம்பியர் ஓடும். ஒளித்திரான்சிஸ்டரும் 10 கிலோஓம் தடையியும் சந்திக்கும் புள்ளியை இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் எல்.எம்.393 ஐசிக்குக் கொடுத்து, மட்டத்தை ஒரு மாறுந்தடையியால் அமைத்தேன். ஐசியின் வெளியீட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ஒரு தடையி கட்டாயம். அது இல்லாமல் 393 வாயே திறக்காது. வெளியீட்டிலிருந்து நேர் உள்ளீட்டுக்கு 1 மெகாஓம் வைத்தால் எல்லையில் நின்று துடிப்பதும் அடங்கும்.

சுற்று மேசையில் உடனே வேலை செய்தது. வேலை வாங்கியது வெயில்தான். ஆலையின் வாசல் மேற்குப் பார்த்தது. நாலு மணிக்கு வெயில் உள்ளே விழுந்ததும், எத்தனை மூட்டை போனாலும் வாங்கிக்கு எப்போதும் வெளிச்சம். எண்ணிக்கை அப்படியே நின்றது. இரண்டையும் பக்கம் மாற்றி, வாங்கியின் முதுகை வாசலுக்குத் திருப்பினேன். பிறகு அரை அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி, உள்ளே மினுக்கமில்லாத கறுப்புப் பூசி, அதன் அடியில் வாங்கியைப் பொருத்தினேன். ஐசியை மாற்றிக் கிடைக்காத பலன் அந்தக் குழாய்த்துண்டில் கிடைத்தது.

அடுத்த தொல்லை மூட்டையின் காது. தைத்த சாக்கின் முனை முதலில் கதிரை வெட்டும், பிறகு உடல் வெட்டும்; ஒரு மூட்டை இரண்டாகிவிடும். முதலாளிக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது என்பது வேறு கதை! நேரம் கணிக்கும் 555 ஐசியை, ஒருமுறை தூண்டினால் ஒரே துடிப்புத் தரும் முறையில் வைத்து, 100 கிலோஓம் தடையியும் 10 மைக்ரோபரட் கொள்ளளவியும் போட்டேன். 1.1 செக்கனுக்குள் எத்தனை முறை வெட்டினாலும் ஒன்றுதான். மூட்டை கடக்க ஒரு செக்கன்கூட ஆகாது, அடுத்தது வர மூன்று நான்கு செக்கன் ஆகும் என்பதால் இது பொருந்தியது.

நெடுங்கேணி ஆசிரியர்:
குழாய் நல்லது, அண்ணை. ஆனால் திறந்த வெளியில் அது மட்டும் போதாது. ஒளியையே துடிக்க வைத்து, அந்தத் துடிப்பை மட்டும் கேட்கும் வாங்கி போட வேண்டும். 555இல் 1 கிலோஓம், 18 கிலோஓம், 1 நானோபரட் போட்டால் 38 கிலோஹேர்ட்ஸ் அளவில் வரும். கொள்ளளவி சொன்ன பெறுமானத்தில் இருப்பது அரிது. 18க்குப் பதில் மாறுந்தடையி வைத்துச் சரிசெய்யுங்கள்.

என் மாணவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ரிமோட்டுக்கான டிசொப் வகை வாங்கி, இடைவிடாத 38 கிலோஹேர்ட்ஸை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு தன் உணர்திறனைத் தானே குறைத்துவிடும். ‘முதல் செக்கன் வேலை செய்தது, சேர், பிறகு செத்துவிட்டது’ என்பார்கள். 0.6 மில்லிசெக்கன் ஒளிர்ந்து 1.4 மில்லிசெக்கன் ஓயும்படி, இன்னொரு 555ஐ முதலாவதை ஓட்டி நிறுத்தும் நாலாம் காலில் கட்டினால் தீரும். இல்லையேல் கதிர் வெட்டுப்படுவதை உணர்வதற்கென்றே செய்த டிஎஸ்எஸ்பி4038 வாங்கலாம். அது இடைவிடாத அலையையும் ஏற்கும்.

ஒட்டுசுட்டான் தோட்டக்காரி:
நான் இப்படியொரு கதிரைத் தோட்டத்துப் படலையில் வைத்திருக்கிறேன். இரவில் மாடு நுழைந்தால் மணி அடிக்கும். எதிர்ப்பக்கம் வயர் இழுக்க மனமில்லை; சைக்கிளின் பின்பக்கச் சிவப்புப் பிரதிபலிப்பானைக் கம்பத்தில் ஆணி அடித்து, அனுப்பியையும் வாங்கியையும் இந்தப் பக்கம் அருகருகே வைத்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் தன் ஒளியையே பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டின் உடலில் பட்டுத் திரும்பும் ஒளியை நம்பாதீர்கள்; கறுப்பு மாடு அதற்கு அகப்படாது. கதிரை வெட்டும்போது பிடிப்பதுதான் நிச்சயம். மார்கழிப் பனியில் பிரதிபலிப்பான் நனைந்து வீண் மணி அடிக்கும், மேலே ஒரு சின்னக் கூரை போட்டபின் குறைந்தது. குழாய் வாயில் சிலந்தி கட்டும் வலைக்கு மருந்து துடைப்பம் மட்டும்தான்.

யானைக்கு வைக்கலாமா என்று ஊரில் கேட்கிறார்கள். யானை வருவது கம்பம் முறிகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

மாங்குளம் தம்பி:
வயர்மன் அண்ணை, எல்.ஈ.டி. எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? எங்கள் மில்லில் மோட்டர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது.

பரந்தன் வயர்மன்:
கைபேசியின் முன்பக்கக் கமராவால் பாருங்கள், ஊதாப் புள்ளியாகத் தெரியும். சில கமராக்கள் அந்தக் கதிரை வடிகட்டிவிடும். மோட்டர் தொல்லைக்கு ஒவ்வொரு ஐசியின் மின்கால்களுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி, 5 வோல்ட் வரும் இடத்தில் 470 மைக்ரோபரட். வாங்கியின் வயரை மோட்டர் வயரோடு ஒரே குழாயில் இழுத்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள், தம்பி.