அட்மின் ரைட்ஸ் எடுத்ததுல இருந்து பில் காணாம போகுது, பிரிண்டர் பாஸ்வேர்டு கேக்குது – கடை சிஸ்டம், யாராச்சும் சொல்லுங்க

கெடிலக்கரை:

வணக்கம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன், பான் கார்டு, ஸ்காலர்ஷிப், லேமினேஷன்னு எல்லாம் ஓடுது. சிஸ்டம் மூணு, ரெண்டு விண்டோஸ் 10 ப்ரோ, ஒன்னு விண்டோஸ் 11 ஹோம் லேப்டாப். காலையில நெல்லிக்குப்பத்துல இருந்து வர்ற பொண்ணு உட்காரும், சாயந்திரம் காலேஜ் பசங்க ரெண்டு பேர், நடுவுல நானு. இதுவரைக்கும் எல்லாருக்கும் ஒரே லாகின், பாஸ்வேர்டு கிடையாது, அதுவே அட்மின். பசங்க போட்டோ சைஸ் குறைக்கன்னு என்னத்தையோ டவுன்லோட் பண்ணி அது கூடவே நாலு வேண்டாத ஐட்டம் உள்ள வந்து, ப்ரவுசர் தொறந்தாலே சூதாட்ட விளம்பரமா வந்து நிக்குது, பொம்பளைங்க புள்ளைங்க வர்ற கடை. அதான் போன வாரம் உட்கார்ந்து எல்லாத்தையும் க்ளீன் பண்ணி, எனக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டு ஒரு அட்மின் லாகின், மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்டாண்டர்டு (அட்மின் உரிமை இல்லாத) லாகின்னு பிரிச்சேன்.

அன்னில இருந்து தலைவலி. கவுண்டர் சிஸ்டத்துல ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கு, விபி6ல (விஷுவல் பேசிக் 6, பழைய ப்ரோகிராமிங் மொழி) யாரோ லோக்கல்ல எழுதி குடுத்தது, எழுதுனவர் இப்ப எங்க இருக்காருன்னே தெரியல. எரர் ஒன்னும் வரல, நல்லாத்தான் ஓடுது. ஆனா காலையில அந்த பொண்ணு அடிச்ச பில் எதுவும் சாயந்திரம் பசங்க லாகின்ல இல்ல. "நான் அடிச்சேன்ணா, கஸ்டமருக்கு பிரிண்ட்டே குடுத்தேன்"னு அது கண்ணு கலங்கி நிக்குது. கார்பன் காப்பி எடுத்து பாத்தா காலையில ஒரு பில், ராத்திரி ஒரு பில், ரெண்டுலயும் ஒரே நம்பர், வேற வேற ஆளு வேற வேற தொகை. வைரஸா இது?

அப்புறம் ரெண்டாவது சிஸ்டத்துல புது லாகின்ல பிரிண்டர் சேக்க போனா டிரைவருக்கு அட்மின் பாஸ்வேர்டு கேக்குது. இன்னொன்னு, சி டிரைவ்ல பொதுவா ஒரு ஃபோல்டர் வச்சிருக்கோம், அதுல அந்த பொண்ணு போட்ட ஸ்கேன் ஃபைல்ல சிலது பசங்களுக்கு தொறக்குது சிலது ஆக்சஸ் டினைடுன்னு வருது, ஒரே ஃபோல்டர் தான், ஒன்னுமே புரியல. பக்கத்து கடைக்காரர் "பேசாம எல்லாரையும் திரும்ப அட்மின் ஆக்கிடு"ன்றாரு. ஸ்காலர்ஷிப் சீசன் வேற, கூட்டம் தாங்கல. என்ன பண்றது?

சில்வர்பீச் காத்து:

ப்ரோ ரொம்ப சிம்பிள். டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட் போடுங்க, அதுல ரன்ஆஸ் கமாண்டு (வேற லாகின் பேர்ல ப்ரோகிராம ஓட்டுறது), கூடவே சேவ்கிரெட் (பாஸ்வேர்ட ஞாபகம் வச்சுக்கறது) சேத்துக்கோங்க. ஒரே ஒரு வாட்டி அட்மின் பாஸ்வேர்டு நீங்க அடிச்சா போதும், அப்புறம் அவங்க டபுள் கிளிக் பண்ணா அட்மினாவே ஓடும், பாஸ்வேர்டு அவங்களுக்கு தெரியவே தெரியாது. எங்க ஆபீஸ்ல இப்படித்தான் ஓட்டுறோம், ஒரு தொல்லையும் இல்ல.

லாஸ்பேட்டை லேன்:

மேல சொன்ன தம்பி கோச்சுக்க வேணாம், அந்த வேலைய மட்டும் கடை சிஸ்டத்துல பண்ணாதீங்க. சேவ்கிரெட் போட்டா பாஸ்வேர்டு அந்த பையனோட லாகின்ல போய் உட்கார்ந்துக்கும், அந்த ஒரு ஷார்ட்கட்டுக்கு மட்டும்னு கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அதே கமாண்டுல பில்லிங் பேருக்கு பதிலா கமாண்ட் பிராம்ப்ட்னு மாத்தி அடிச்சா அட்மின் கையில வந்துடும். காலேஜ் பசங்கன்றீங்க, அதுங்களுக்கு இத கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதுக்கு எல்லாரையும் அட்மினாவே வச்சிட்டு போலாம், கஷ்டமாச்சும் மிச்சம்.

இப்ப உங்க பில்லுக்கு வர்றேன். வைரஸும் இல்ல, பில் எங்கயும் போகல, ஆளுக்கு ஒரு காப்பியா உள்ளயே பத்திரமா இருக்கு. விபி6 வந்தது 1998ல. அப்ப எழுதுன சாஃப்ட்வேர் எல்லாம் ப்ரோகிராம் ஃபைல்ஸ் உள்ளயே டேட்டாவ எழுதும், அன்னிக்கு எல்லாரும் அட்மின், யாரும் கேக்கல. 2007ல விஸ்டா வந்தப்ப யுஏசின்னு (யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்) ஒன்னு கொண்டாந்தாங்க, ஸ்டாண்டர்டு யூசர் ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல எழுத முடியாது. ஆனா பழைய சாஃப்ட்வேர் எல்லாம் ஒரேடியா நின்னு போச்சுன்னா ஜனங்க சும்மா விடுவாங்களா, அதனால விண்டோஸ் ஒரு தில்லாலங்கடி பண்ணுது. 32 பிட் பழைய சாஃப்ட்வேர் அங்க எழுத போனா "சரி எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு, அந்த ஃபைல அந்த யூசரோட சொந்த ஃபோல்டர்ல ஒரு காப்பி எடுத்து அதுல எழுத விட்டுடும். சாஃப்ட்வேருக்கு இது தெரியவே தெரியாது, அதனாலதான் எரரும் வரல. காலை பொண்ணுக்கு ஒரு டேட்டாபேஸ், பசங்க ஆளுக்கு ஒன்னு, எல்லாமே நீங்க லாகின் பிரிச்ச அன்னிக்கு இருந்த கடைசி நம்பர்ல இருந்து தனித்தனியா எண்ண ஆரம்பிச்சிருக்கு. அதான் ஒரே நம்பர் ரெண்டு மூணு வாட்டி வருது.

போய் பாருங்க: சி டிரைவ், யூசர்ஸ், அந்த பொண்ணு லாகின் பேரு, ஆப்டேட்டா (மறைஞ்சிருக்கும், வியூல ஹிடன் ஐட்டம்ஸ் டிக் போடுங்க), லோக்கல், அதுக்குள்ள விர்ச்சுவல்ஸ்டோர். உள்ள ப்ரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86னு ஒன்னு, அதுல உங்க பில்லிங் பேரு இருக்கும். ஒவ்வொரு லாகின்லயும் இதே மாதிரி பாருங்க. எதையும் அழிக்காதீங்க, மொதல்ல எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து தனியா வச்சிட்டு வந்து சொல்லுங்க.

கெடிலக்கரை:

அண்ணே இருக்குண்ணே! மூணு லாகின்லயும் எம்டிபி ஃபைல் (மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ்) ஒன்னு ஒன்னு கிடக்கு, தேதியும் இன்னிக்கு தேதி. பென் டிரைவ்ல எடுத்துட்டேன். அந்த பொண்ணுகிட்ட போன் பண்ணி சொல்லிட்டேன், பாவம் ராத்திரி எல்லாம் தூங்கலயாம். இப்ப எப்படி ஒன்னா சேக்கறது, இனிமே பிரியாம இருக்க என்ன பண்ணனும்?

லாஸ்பேட்டை லேன்:

நல்லது. உரிமைய ஆளுக்கு குடுக்காதீங்க, அந்த ஃபோல்டருக்கு குடுங்க. பில்லிங் ஃபோல்டர் உள்ள ஐஎன்ஐ ஃபைல் (செட்டிங் எழுதி வைக்கற ஃபைல்) ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க, நோட்பேட்ல தொறந்தா டேட்டாபேஸ் எங்க இருக்குன்னு ஒரு வரி இருக்கும், பாதி விபி6 ஆளுங்க அப்படித்தான் எழுதுவாங்க. இருந்தா டி டிரைவ்ல பில்டேட்டான்னு ஒரு ஃபோல்டர் போட்டு எம்டிபிய அங்க மாத்தி வச்சு அந்த வரிய திருத்திடுங்க. மாத்த முடியலன்னா டேட்டா இருக்கற ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், அங்க யூசர்ஸ்ன்ற பேரு இருக்கும், அதுக்கு மாடிஃபை டிக் போடுங்க. ஃபுல் கன்ட்ரோல் வேணாம், அத குடுத்தா பர்மிஷனையே அவங்க மாத்திக்கலாம். எம்டிபி ஃபைலுக்கு மட்டும் குடுத்துட்டு ஃபோல்டருக்கு குடுக்காம விட்டாலும் வேலைக்கு ஆகாது, ஏன்னா ஆக்சஸ் டேட்டாபேஸ் தொறக்கும்போது பக்கத்துலயே எல்டிபின்னு ஒரு குட்டி ஃபைல உருவாக்கும், அதுக்கு அந்த ஃபோல்டர்ல எழுத இடம் வேணும்.

எம்டிபியும் சாஃப்ட்வேரோட இஎக்ஸ்இயும் (ஓடுற ப்ரோகிராம் ஃபைல்) ஒரே ஃபோல்டர்ல இருந்தா கொஞ்சம் யோசிக்கணும். அங்க மாடிஃபை குடுத்தா இஎக்ஸ்இயவே யார் வேணா மாத்தி வைக்கலாம்னு அர்த்தம். வேற வழியே இல்லன்னா குடுங்க, ஆனா அந்த பில்லிங்க உங்க அட்மின் லாகின்ல எப்பவும் ஓட்டாதீங்க. உங்களுக்கும் தினசரி வேலைக்கு ஒரு ஸ்டாண்டர்டு லாகின் வச்சுக்கோங்க, ஓனரா இருந்தா என்ன.

ஒன்னு மறந்துடாதீங்க. பர்மிஷன் குடுத்த பிறகு அந்த மூணு விர்ச்சுவல்ஸ்டோர் காப்பியையும் அங்க இருந்து எடுத்துடணும். அது இருக்கற வரைக்கும் விண்டோஸ் அந்த யூசருக்கு மொதல்ல அதைத்தான் காட்டும், நீங்க என்ன பர்மிஷன் குடுத்தாலும் பழைய கதை தான். நெறைய பேர் இங்கதான் மாட்டி, ஒன்னும் ஆகலன்னு திரும்ப அட்மின் குடுத்துடுவாங்க.

மஞ்சக்குப்பம் டேலி அக்கா:

குறுக்க வர்றேன் தம்பி. அந்த மூணு டேட்டாவையும் சாஃப்ட்வேர் வச்சு ஒட்ட பாக்காதீங்க, பில் நம்பர் மோதும். ஒரு வாரம் தானே, கார்பன் காப்பி இருக்குன்னு சொல்றீங்க, பசங்க டேட்டால இருக்கற பில்ல காலை டேட்டா கடைசி நம்பருக்கு அப்புறம் கையாலயே புதுசா ஏத்திடுங்க, பழைய நம்பர குறிப்புல எழுதி வைங்க. கடை ஜிஎஸ்டில இருந்தா ஒரு நிதியாண்டுக்குள்ள ஒரே நம்பர்ல ரெண்டு பில் இருக்கவே கூடாது, கஸ்டமர் கையில ஏற்கனவே போன பில்லுக்கு என்ன பண்றதுன்னு உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அந்த பொண்ணுகிட்ட காசு எதுவும் புடிச்சிருந்தா மொதல்ல அத திருப்பி குடுங்க.

கெடிலக்கரை:

அய்யோ அக்கா காசெல்லாம் புடிக்கல. ஜிஎஸ்டி இல்ல. ஐஎன்ஐ இருந்துச்சு, டி டிரைவுக்கு மாத்திட்டேன், மூணு லாகின்லயும் ஒரே பில் வருது, நன்றிண்ணே. அந்த ஸ்கேன் ஃபைலும் பிரிண்டரும் பாக்கி.

அரியாங்குப்பம் லேப்:

ஸ்கேன் ஃபைல் விஷயம் எங்க லேப்லயும் இருந்துச்சு, சொல்றேன். அந்த பொண்ணு டெஸ்க்டாப்ல ஸ்கேன் பண்ணி பொது ஃபோல்டர்ல இழுத்து போடுதா? ஒரே டிரைவுக்குள்ள இழுத்து போட்டா அது மூவ், ஃபைல் தன்னோட பழைய பர்மிஷன அப்படியே தூக்கிட்டு வரும், டெஸ்க்டாப்ல அந்த பொண்ணுக்கும் அட்மினுக்கும் மட்டும் தான் உரிமை, அதனால பசங்களுக்கு டினைடு. காப்பி பேஸ்ட் பண்ண ஃபைல் மட்டும் புது ஃபோல்டரோட பர்மிஷன எடுத்துக்கும், அது தொறக்கும். வாடகை வீடு மாறும்போது பழைய வீட்டு பூட்டையும் கழட்டி எடுத்துட்டு வந்து மாட்டுற மாதிரி. அதனால ஸ்கேனர் செட்டிங்லயே நேரா பொது ஃபோல்டர்ல சேவ் ஆகுற மாதிரி வச்சிடுங்க, ஏற்கனவே மாட்டுன ஃபைலுக்கு அட்மின்ல போய் அந்த ஃபோல்டரோட அட்வான்ஸ்டு செக்யூரிட்டில, சைல்டு ஆப்ஜெக்ட் பர்மிஷன் எல்லாத்தையும் ரீப்ளேஸ் பண்ணுன்னு கீழ ஒரு டிக் இருக்கும், அத போட்டு அப்ளை பண்ணுங்க.

இதுக்கு நேர் மாறா டி டிரைவ் சாதாரணமா எல்லாருக்கும் தொறந்துதான் கிடக்கும், லாகின் பிரிச்சதால பூட்டிடுச்சுன்னு நினைக்காதீங்க. புதுசா ஃபார்மட் பண்ண டிரைவ்ல லாகின் பண்ண யார் வேணா யாரோட ஃபைலையும் அழிக்கலாம். ஊராரோட ஆதார், கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாம் அதுல வச்சிருப்பீங்க, வாரம் ஒருக்கா சுத்தம் பண்ணுங்க. பூட்டணும்னா டினை (தடை) போட்டுடாதீங்க, யூசர்ஸுக்கு டினை போட்டா அந்த குரூப்ல நீங்களும் இருக்கீங்க, உங்களையும் சேத்து வெளிய தள்ளும். அலவ் (அனுமதி) டிக்க எடுத்தாலே போதும்.

கேக்காத ஒன்னு, பசங்க சிஸ்டத்துக்கு டீப் ஃப்ரீஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போடலாம், ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி ஆயிடும், காசு குடுத்து வாங்கணும். பில்லிங் இருக்கற சிஸ்டத்துல டி டிரைவ ஃப்ரீஸ்ல இருந்து விலக்கி வைக்காம போட்டுடாதீங்க, அன்னன்னிக்கு பில் எல்லாம் அன்னன்னிக்கே காலி.

லாஸ்பேட்டை லேன்:

பிரிண்டர்: 2021ல பிரிண்ட்நைட்மேர்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, அந்த ஆகஸ்ட் அப்டேட்ல இருந்து ஷேர்டு பிரிண்டர் டிரைவர் ஏத்த அட்மின் வேணும்னு மைக்ரோசாஃப்ட் மாத்திட்டாங்க. அத திரும்ப தொறந்து விட ரெஜிஸ்ட்ரி மாத்த சொல்லி யூட்யூப்ல காட்டுவாங்க, வேணாம். இன்னொரு சிஸ்டத்துல இருந்து ஷேர் பண்ண பிரிண்டர் லாகின் லாகினா தான் சேரும், அதனாலதான் ஒவ்வொருத்தருக்கும் கேக்குது. உங்க பிரிண்டர்ல லேன் இருந்தா ரவுட்டர்ல போட்டு, ஐபி அட்ரஸ் ஃபிக்ஸ் பண்ணி, அட்மின் லாகின்ல ஐபி வச்சு சேத்துடுங்க, அந்த சிஸ்டத்துல எல்லா லாகினுக்கும் தானா வந்துடும்.

சில்வர்பீச் காத்து:

அண்ணா சேவ்கிரெட் மேட்டர் இப்பதான் செஞ்சு பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே கமாண்ட் பிராம்ப்ட் அட்மின்ல தொறக்குது. நாளைக்கு ஆபீஸ்ல எடுக்கணும். கன்ட்ரோல் பேனல்ல கிரெடென்ஷியல் மேனேஜர்ல போய் ரிமூவ் பண்ணா போதுமா?

லாஸ்பேட்டை லேன்:

போதும், ஆனா அந்தந்த யூசர் லாகின்ல போய் எடுக்கணும், அப்புறம் அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. இத்தன நாள்ல யாராச்சும் தன்னைத்தானே அட்மின் ஆக்கி வச்சிருக்காங்களான்னும் பாருங்க, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ். எப்ப ஆக்குனாங்கன்னு தெரியணும்னா ஈவென்ட் வியூவர்ல செக்யூரிட்டி லாக்ல 4732 (குரூப்ல ஆள் சேத்தா பதிவாகுற ஈவென்ட் நம்பர்) தேடுங்க.

கெடிலக்கரை:

பிரிண்டர் ஓகேண்ணே, லேன் போர்ட் பின்னாடி இருந்துருக்கு, ஒரு கேபிள் தான் வாங்குனேன். கடைசியா ஒன்னு, அந்த ஹோம் லேப்டாப்ல நீங்க சொன்ன லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸே வரல. அதோட பையன் ஸ்டாண்டர்டு லாகின்லயே க்ரோம் ஏத்திட்டான், பாஸ்வேர்டே கேக்கல, அது எப்படி?

லாஸ்பேட்டை லேன்:

ஹோம்ல அது வராது, குரூப் பாலிசியும் வராது. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், அங்க ஆள் பேர தொட்டு சேஞ்ச் அக்கவுண்ட் டைப். ஃபோல்டரோட செக்யூரிட்டி டேப் ஹோம்லயும் இருக்கு. க்ரோம் மாதிரி சிலது அட்மின் கிடைக்கலன்னா ப்ரோகிராம் ஃபைல்ஸ்க்கே போகாம அந்த யூசரோட சொந்த ஃபோல்டர்ல ஏறிக்கும், அதுக்கு அட்மின் தேவையில்ல. குப்பை எதாச்சும் அப்படி ஏறுனாலும் பெரும்பாலும் அந்த லாகினோட நிக்கும், அந்த யூசர அழிச்சிட்டு புதுசா ஒன்னு போட்டுக்கலாம், அழிக்கறதுக்கு முன்னாடி அவன் டெஸ்க்டாப்ல கஸ்டமர் ஃபைல் இருக்கான்னு பாத்துக்கோங்க. அந்த ரெண்டு விண்டோஸ் 10 சிஸ்டத்துக்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, சீசன் முடிஞ்சதும் 11 ஏறுமான்னு பாருங்க.