360 டிகிரி படம் (விரலால் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் பார்க்கிற படம்) போட்டு வியாபாரம் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மண்டபத்துக்காரர்:
கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஃபேஸ்புக் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். பெண் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். முதல் பந்தி முடிந்த நேரம், ஹாலுக்கு நடுவே ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனில் தட்டினேன். மேடை, பூ அலங்காரம், சரவிளக்கு எல்லாம் அருமையாக விழுந்தது. சாயங்காலத்துக்குள் கமெண்ட் குவிந்துவிட்டது. ஆனால் ஒருத்தரும் மேடையைப் பற்றிப் பேசவில்லை! "பின்னாடி திருப்பிப் பாருங்க", "மூணாவது வரிசை" என்று ஆளாளுக்கு டேக் செய்கிறார்கள். திருப்பினால், பட்டு வேட்டியில் ஒரு பெரியவர், வாய் திறந்தபடி நல்ல தூக்கம். மடியில் தாம்பூலப் பை, அதிலிருந்து தேங்காய் பாதி வெளியே எட்டிப் பார்க்கிறது. மண்டப முதலாளிக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் பெரியவரின் மகன் கூப்பிட்டார். திட்டவில்லை. "அப்பா நைட் பூரா பஸ்ல வந்தாருங்க" என்று மட்டும் சொன்னார். உடனே படத்தை எடுத்துவிட்டேன். அந்தக் குரல்தான் இன்னும் காதில் நிற்கிறது.

கொடைக்குளிர்:
கொடைக்கானலில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அறைக்கு 360 படம் போட்ட பிறகு விசாரிப்பு கூடியது உண்மை. மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் தோளில் பையோடு அறை நடுவே நின்று, படத்தில் பார்த்த மாதிரியே மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். "இவ்வளவுதானா?" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "பேசாம படத்துலயே தங்கியிருக்கலாம்" என்றார். அகல லென்ஸ் சின்ன அறையையும் கூடம் மாதிரி காட்டிவிடுகிறது. இப்போது படத்துக்குக் கீழே 10-க்கு 12 அடி என்று எழுதிவிடுகிறோம்.

லென்ஸ்துடைப்பான்:
மண்டபத்துக்காரரே, கமெண்ட் வந்தால் மார்க்கெட்டிங் ஆகிவிடுமா? எத்தனை பேர் தேதி கேட்டார்கள், அதைச் சொல்லுங்கள்.

என் கதை சின்னது. ஒரு ஜிம்முக்கு எடுத்தேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஸ்டாண்ட், கூடவே டிரெட்மில்லுக்குப் பின்னால் குந்தியிருக்கும் நான்.

இனி எடுக்கப்போகிறவர்களுக்கு: இந்தக் கேமராக்களில் முதுகோடு முதுகாக இரண்டு லென்ஸ் உண்டு. இரண்டு படமும் ஒட்டும் கோட்டுக்கு அருகில் ஆள் நின்றால் கை பாதியில் வெட்டுப்படும், முக்கியமானதை லென்ஸுக்கு நேராக வையுங்கள். கோப்பு 2:1 அளவில், அதாவது உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலமாக இருக்க வேண்டும். 'இது உருண்டைப் படம்' என்று சொல்லும் மெட்டாடேட்டா (கோப்போடு ஒட்டியிருக்கும் குறிப்பு) உள்ளே இருந்தால்தான் ஃபேஸ்புக்கில் சுழலும். 2016-ல் அவர்கள் இதைக் கொண்டுவந்ததிலிருந்தே அப்படித்தான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துபோய், வாங்குபவருக்கு நசுங்கிய பட்டையாகத்தான் தெரியும். டாகுமெண்டாக அனுப்புங்கள். இன்ஸ்டாகிராமில் சுழலவே சுழலாது, அதற்கு நீளப் படத்தைத் துண்டு போட்டு, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற மாதிரி வரிசையாகப் போடலாம். கூகுள் மேப்ஸில் கடைப் பக்கத்திலும் ஏற்றுங்கள். வழி தேடுகிறவன் வாங்க வருகிறவன், சும்மா ஸ்க்ரோல் செய்கிறவன் அல்ல. கொடைக்குளிர், அளவை எழுதினால் போதாது, கட்டிலில் ஒரு ஆளை உட்காரவைத்து எடுங்கள்.

கொடைக்குளிர்:
ஆளை உட்காரவைத்தால் அவர் சட்டை நன்றாக இல்லை என்று கமெண்ட் வரும். வேண்டாம் சார்.

மண்டபத்துக்காரர்:
தேதி கேட்டவர்கள் உண்டு, ஒன்றும் படியவில்லை. ஆனால் நான் அந்தக் கணக்கைச் சொல்ல வரவில்லை.

பட்டுநூல்:
எங்களுடையது காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை. முகப்புக்கு வாழைமரம் கட்டி, பொம்மைக்கெல்லாம் புதுப் புடவை சுற்றி எடுத்த படம். திருச்சியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "வாசலுக்கு வலது பக்கம், கல்லாவுக்கு மேல் தட்டு, அரக்கு பார்டர் வெச்ச மயில்கழுத்துக் கலர், மடிச்சு வெச்சிருக்கீங்களே, அது என்ன விலை?" எனக்கே நிமிர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. அது விற்கிற புடவையே இல்லை, வேறொருவர் ஆர்டர் கொடுத்து நெய்தது, வாங்கிப்போக வரவில்லை. நாங்கள் சோடித்த பக்கத்தை அந்த அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. அதே மாதிரி நெய்துதர ஒரு மாதம் ஆகும், ட்யூப்லைட்டில் நீலம் தூக்கலாகத் தெரிகிறது, நேரில் பச்சை கூடுதலாக இருக்கும் என்றேன். அப்படியானால் வெயிலில் வைத்து ஒரு சாதாரண போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். அதைப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் போட்டார்.