போரில் பெண்களுக்கு நடந்ததை வரைந்த ஜேர்மன் ஓவியர்கள்: சபையில் எப்படிக் காட்டுவது?

மழைக்கோடு (வெள்ளவத்தை):
வாற சனி எங்கள் வாசிப்பு வட்டத்தில் நான் பேச வேண்டும், ஜேர்மன் நவீன ஓவியத்தில் போர்க்காலப் பாலியல் வன்முறை பற்றி. நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்ட தலைப்பு. பதினைந்து பேர் வருவார்கள். அதில் இரண்டு மூன்று அக்காமார் 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து இங்கே வந்தவர்கள், அவர்களிடம் நான் எதையும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். எடுத்து வைத்திருப்பது கேத்தே கொல்விட்ஸின் ‘வன்புணரப்பட்டவள்’, ஒட்டோ டிக்ஸின் ‘சிப்பாயும் கன்னியாஸ்திரியும்’, பிறகு டிக்ஸும் ஜோர்ஜ் குரோஸும் வரைந்த காமக்கொலைப் படங்கள் (பாலியல் வெறியில் கொல்லப்பட்ட பெண்களைக் காட்டுபவை) சில.

நேற்று காலி வீதியில் ஒரு கொமினிகேஷனில் பிரின்ட் எடுக்கப் போனேன். டிக்ஸின் படம் மெஷினிலிருந்து வந்ததும் கவுண்டரில் நின்ற தம்பி அதைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து, “அக்கா, கவர் ஒண்டில போட்டுத் தரவா?” என்றான். அப்போதிருந்து ஒரே யோசனை. இதை அந்த அக்காமார் முன்னால் சுவரளவுக்குப் பெரிதாக்கிப் போடுவதா?

மைக்கறை:
முதலில் அந்தக் காமக்கொலைப் படங்களை எடுத்துவிடுங்கள். அவை நகரத்து அறைகள், கத்தி, விலைமாதின் பிணம் என்று போகிறவை. குரோஸ் தன் காதலியை நிறுத்தி, தான் கத்தியோடு, லண்டனில் பெண்களைக் கொன்ற ஜாக் த ரிப்பர் வேடத்தில் போட்டோவே எடுத்திருக்கிறார். போர் ஆண்களை என்ன செய்தது என்று பேச அவை உதவலாம், பெண்களுக்கு என்ன நடந்தது என்று பேச உதவாது.

டிக்ஸ் வேறு. முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி பிடித்தவர். 1924இல் ‘போர்’ என்ற பெயரில் 50 எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) வெளியிட்டார். நீங்கள் எடுத்த படம் அந்த ஐம்பதில் இல்லை. பதிப்பாளர் நீரன்டோர்ஃப் அதைச் சேர்க்க விடவில்லை. புழு நெளியும் மண்டையோட்டுப் படம் போகலாம், நச்சுவாயுவில் செத்தவர்கள் போகலாம், தங்கள் சிப்பாய் ஒரு பெண் மேல் விழுந்து கிடப்பது மட்டும் போக முடியாது! இந்தக் கதையைச் சொன்னாலே போதும், படத்தைக் காட்டத் தேவையில்லை.

முருங்கையடி:
மைக்கறை அண்ணை சொல்வது சரிதான், ஆனால் டிக்ஸின் கதையிலேயே நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள் தங்கச்சி. கொல்விட்ஸுக்கு வாருங்கள். அது 1524-25இல் ஜேர்மன் விவசாயிகள் பிரபுக்களுக்கு எதிராக எழுந்த விவசாயிகள் போரை வைத்து அவர் செய்த ஏழு தகடுகளில் இரண்டாவது, தொகுப்பு 1908இல் வந்தது. அதில் ஆண் யாருமே இல்லை, செய்தவன் போய்விட்டான். மிதிபட்ட தோட்டம், செடிகளுக்குள் மல்லாந்து கிடக்கும் பெண், தலை பின்னால் சரிந்து முகம் சரியாகத் தெரியாது. இடது மேல் மூலையைப் பாருங்கள். வேலிக்கு மேலால் ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கிறது. எனக்கு அது கண்ணில் பட நாலைந்து தரம் பார்க்க வேண்டியிருந்தது. டிக்ஸின் படத்தில் நாம் சிப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கிறோம். இங்கே எல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்கிறோம், அந்தப் பிள்ளையைப் போல.

தனியாகவும் காட்டாதீர்கள். அடுத்த தகட்டில் ஒரு பெண் அரிவாள் தீட்டுகிறாள், கண் பாதி மூடியபடி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் விளங்கும்.

கொட்டாஞ்சேனை 13:
அங்கேதான் எனக்குச் சிக்கல். அடுத்தது அரிவாள், பிறகு கலகம். அவளுக்கு நடந்தது கலகத்துக்கு முன்னுரை ஆகிவிடுகிறது. இங்கேயும் மேடைப் பேச்சு “எங்கள் அக்கா தங்கைகள்” என்று தொடங்கி எங்கேயோ போய் முடிவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனோமே. கொல்விட்ஸில் கலகத்தை எழுப்புகிறவளும் பெண்தான், கறுப்பு அன்னா என்ற விவசாயப் பெண், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும்.

1993இல் ஒரு மியூனிக் சஞ்சிகையில் ஜெனி ஹோல்சர் என்ற கலைஞர் செய்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் அமெரிக்கர்தான், விடயம் பொஸ்னியப் போர். செய்தவன், அனுபவித்தவள், பார்த்தவர் என்று மூன்று பேரின் வாக்கியங்களை மனிதத் தோலில் எழுதிப் படம் பிடித்தார். அட்டையில் அச்சடித்த மையில் பெண்கள் கொடுத்த இரத்தம் கலந்திருந்தது, அதற்குப் பெரிய சண்டை. உடலைக் காட்டாமல் தோலை மட்டும் காட்டுவது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

மழைக்கோடு (வெள்ளவத்தை):
எல்லாருக்கும் நன்றி. காமக்கொலையை எடுத்துவிட்டேன், டிக்ஸை வாயால் சொல்கிறேன். கொல்விட்ஸின் இரண்டு தாளையும் கவரில் போட்டு மேசையில் வைக்கப்போகிறேன், விரும்பியவர் திறந்து பார்க்கட்டும். ஆனால் ஏ4 பிரின்டில் அந்தப் பிள்ளை வெறும் மைப்புள்ளியாகத்தான் தெரிகிறது.

மைக்கறை:
தகடே அரை மீற்றர் அகலம். ஏ3க்குக் குறையாமல் எடுங்கள், மற்றது, கறுப்பைக் கூட்டவேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். கூட்டினால் வேலியும் பிள்ளையும் சேர்ந்து மறைந்துவிடும்.