கிணத்தடியில் குடைக்கோரை வளர்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆரையம்பதியிலிருந்து:
தண்டின் உச்சியில் இலைகள் குடைபோல விரிகிற செடிதானே, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் நட்டது, இப்போது நெஞ்சளவு நிற்கிறது. மாரிக்கு முன், பன் என்கிற கோரையில் இழைத்த பன்பாய் விற்க ஒரு அம்மா வந்தா. பாய்க்கட்டை இறக்கி வைத்துவிட்டு நேரே கிணத்தடிக்குத்தான் போனா. ஒரு தண்டை முறித்து, நகத்தால் நெடுகக் கீறி, உள்ளே இருந்த வெள்ளைச் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தா. "இது பாய்க்கு உதவாது மனே. இவ்வளவு ஈரம் கிடக்கு, பன் நட்டிருக்கலாமே" என்றா. தான் பன் வெட்டின பள்ளத்தையெல்லாம் மண் போட்டு மூடிவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்தச் செடியைப் பார்த்தாலே மனம் உறுத்துகிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:
இதில் உறுத்த என்ன இருக்கிறது அண்ணன்? எங்கள் உம்மாவும் பன்பாய் இழைத்தவதான். வளவுக்குள் அவ நட்டது குடைக்கோரை. பன் வேரோடி வாழைக்குள் நுழைந்துவிடும் என்பா. வெள்ளம் வந்த வருடம் ரோசா, குரோட்டன் எல்லாம் அழுகிவிட்டன, இது மட்டும் சேறு அப்பிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. தண்ணீர் வடிந்ததும் உம்மா வெறுங்காலோடு இறங்கி, ஒவ்வொரு குடையாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினா. வீட்டுக்குள் அள்ள வேண்டிய சேறு அப்படியே கிடந்தது.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
தங்கச்சி, பன் ஓடும் என்பது சரி. குடைக்கோரை மட்டும் சும்மா இருக்குமா? எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வெட்டின குடைத் தலைகளை வாய்க்காலில் எறிந்தார். அடுத்த மாரிக்குத் தண்ணீர் போக வழியில்லை. இது மடகாஸ்கர், ஆபிரிக்கா பக்கத்துச் செடி, வெளிநாடுகளில் ஓடையோரமெல்லாம் பரவிக் கிடக்கிறது. தலை தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தாலே வேர் விடும். கன்று எடுப்பதும் அப்படித்தான். குடைக்குக் கீழே இரண்டு விரல் தண்டு விட்டு வெட்டுங்கள், இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, வாளித் தண்ணீரில் தலைகீழாகப் போடுங்கள். கணுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். நடும்போது ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பேசினை விளிம்பு மேலே தெரியப் புதைத்து, அதற்குள் நடுங்கள். தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும், டெங்குக் காலம் வேறு. கப்பி மீன் விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மேலே நிற்காமல் மண்ணை நிரப்புங்கள். காய்ந்த தண்டை அடியோடு வெட்டினால் புதுக்குருத்து வரும்.

ஆரையம்பதி அண்ணன், இன்னொரு பேசின் வாங்கிப் பன்னையும் நடுங்கள். ஒரு பாய்க்குக் காணாதுதான். ஆனாலும் அந்த அம்மா அடுத்த முறை வரும்போது கிழங்கு கேட்டு வாங்கி வையுங்கள், நட இடம் உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எனக்கும் ஒன்று வேண்டும்.