அயோர்ட்டா ஆபரேஷனில் சிறுநீரகம், குடல், கல்லீரல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெர்ஃபியூஷனிஸ்ட்:
நெஞ்சிலிருந்து வயிறு வரை அயோர்ட்டா (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி) வீங்கியவர்களின் ஆபரேஷன்களில், உடம்புக்கு ரத்தம் அனுப்பும் பம்ப்பை ஓட்டுபவன் நான். ஹூஸ்டனில் ஸ்டான்லி க்ராஃபோர்டு என்ற சர்ஜன் இந்த வீக்கத்துக்கு வகுத்த பிரிவுகளில் இரண்டாவதுதான் பெரியது. இடது கைக்குப் போகும் தமனியின் பக்கத்தில் தொடங்கி, சிறுநீரகத் தமனிகளுக்கும் கீழே வரை மாற்ற வேண்டும். கல்லீரல், இரைப்பை, குடல், இரண்டு சிறுநீரகம் என எல்லாவற்றுக்குமான நான்கு கிளைகளும் அந்த நீளத்துக்குள்தான் வரும். ரத்தத்தை நிறுத்தும் இடுக்கியை (கிளாம்ப்) போட்டு அங்கே திறந்தார்கள் என்றால் என் கண் கடிகாரத்தை விட்டு நகராது.

உடம்புச் சூட்டில் ரத்தம் கிடைக்காமல் சிறுநீரகம் சுமார் அரை மணி நேரம் தாங்கும். அதைத் தாண்டினால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். அதனால் அதற்கு 4 டிகிரி குளிர்ந்த திரவம் விடுகிறோம். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவத்தில் மேனிடால் மருந்தைக் கலந்து விடுவது உண்டு, உறுப்பைக் காக்கும் கஸ்டோடியால் திரவமும் உண்டு. குடலுக்கும் கல்லீரலுக்கும் பம்ப்பிலிருந்து ரத்தமே போகும், நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய் (பலூன் கதீட்டர்) வழியாக. "எல்லாத்துக்கும் குளிர்ந்ததையே விட்டா என்ன சார்?" என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இந்த முறையில் இதயத்தை நிறுத்துவதில்லை, அது துடித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு குளிரையும் உள்ளே விட்டு உடம்பு 32 டிகிரிக்குக் கீழே போனால் துடிப்பு தாறுமாறாகிவிடும். சிறுநீரகத்துக்கே விட்டு விட்டுத்தான் கொடுக்கிறோம்.

ஒரு கேஸில் குடல் லைனின் பிரஷர் சட்டென்று இறங்கியது. "மேடம், எஸ்எம்ஏ கதீட்டர் வெளிய வந்திருக்கும், பாருங்க" என்றேன்; எஸ்எம்ஏ என்பது குடலுக்குப் போகும் முக்கியத் தமனி. சர்ஜன் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பலூன் தமனியின் வாயிலிருந்து நழுவியிருந்தது. திரும்ப வைத்ததும் பிரஷர் ஏறியது. அந்த எண்ணைப் பார்க்காமல் விட்டிருந்தால் குடல் பட்டினி கிடந்திருக்கும்.

ஐசியூ நர்ஸ்:
எங்களுக்கு முதல் ராத்திரிதான் கஷ்டம். மணிக்கு மணி யூரின் அளப்போம்; உடம்பு எடையில் கிலோவுக்கு அரை மில்லியாவது வர வேண்டும். உறுப்புகளுக்கு ரத்தம் போதாவிட்டால் ஏறும் லாக்டேட் இறங்கிக்கொண்டே வந்தால் நிம்மதி. வயிற்று அயோர்ட்டா ஆபரேஷன் முடிந்த ஒருவருக்கு மறுநாளே மோஷன் போனது. "நல்லதுதானே சிஸ்டர்?" என்று அவர் மனைவி சந்தோஷமாகக் கேட்டார். அதில் ரத்தம் கலந்திருந்தது, லாக்டேட்டும் ஏறியிருந்தது. உடனே சர்ஜனைக் கூப்பிட்டேன். கேமரா குழாயை விட்டுக் குடலைப் பார்த்ததில் (ஸ்கோப்பி) பெருங்குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகவில்லை என்று தெரிந்தது. சீக்கிரம் பிடித்ததால் மனுஷர் பிழைத்தார். ஜூனியர்களிடம் இதை நான் சொல்லாத டியூட்டியே கிடையாது.

நோயாளியின் மகள்:
அப்பாவுக்கு டை போட்டு சிடி எடுத்த பிறகு, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் ஏறிவிட்டது. அது இறங்கட்டும் என்று டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். வீட்டில் எல்லோருக்கும் கோபம். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டது, பிறகு சிறுநீரகம் தானாகவே தேறியது. ஏறின கிரியேட்டினினோடு போயிருந்தால் திரும்பியே இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் டாக்டர் காத்திருக்கச் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள்.